ஆள் பாதி, ஆடை பாதி, சாதி முழுசு

செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். பேர் வேண்டாம். பேர் போட்டால் அந்தச் சேரி வாசலில் நாளைக்கே மறுபடி போலீஸ் வேன் வந்து நிற்கும். ஏப்ரல் 14 ஊர்வலம் ஊர்த்தெரு வழியாகப் போகலாமா கூடாதா என்று அங்கே ஒரு 'அமைதிப் பேச்சுவார்த்தை' நடந்தது. கூப்பிட்டார்கள் என்று தளவானூரிலிருந்து நானும் போயிருந்தேன். சமாதானத்துக்கு என்று ஒரு தாளை நீட்டினார்கள். ஊர்த்தெருவில் பறை அடிக்கக் கூடாது. வெடி கூடாது. அண்ணல் படம் அச்சடித்த பனியன் போடக் கூடாது. கடைசியாகப் பேனாவால் எழுதிச் சேர்த்திருந்த ஒன்று: இளைஞர்கள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வரக் கூடாது.

எங்கள் பையன் ஒருவன் கேட்டான். "சார், பறை சத்தம் போடும், சரி. கண்ணாடி இன்னா சார் சத்தம் போடும்?"

அதிகாரி நல்ல மனுசர்தான். கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். "தம்பி, ஆள் பாதி ஆடை பாதின்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? ட்ரெஸ்ஸ பாத்தாலே குணம் தெரிஞ்சிடும்ப்பா. நீங்க டீசன்டா வந்தா அவங்க ஏன் வம்புக்கு வரப்போறாங்க?"

எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த இளைஞர்களைப் பார்த்தேன். தம் சாதிச் சின்னம் அச்சடித்த பனியன். ஒருத்தன் கழுத்தில் கூலிங் கிளாஸ் தொங்கிக்கொண்டிருந்தது. அதே பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட் சரக்கு. ஆடையைப் பார்த்தால் குணம் தெரியும் என்றால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே குணம்தானே இருக்க வேண்டும்? ஆனால் அந்தப் பக்கத்துக் கண்ணாடி வெயிலுக்காம். இந்தப் பக்கத்துக் கண்ணாடி திமிருக்காம்.

நான் சொல்ல வருவது அவ்வளவுதான், மிச்சமெல்லாம் இதற்குச் சாட்சி. இந்தச் சமூகத்தில் யாரும் ஆடையைப் பார்த்துக் குணத்தைத் தெரிந்துகொள்வதில்லை. முதலில் சாதியைத் தெரிந்துகொள்கிறார்கள். பிறகுதான் ஆடையைப் பார்க்கிறார்கள். அவனவனுக்கு ஒதுக்கிய துணிக்குள் அடங்கி இருந்தால் அதற்குப் பேர் ஒழுக்கம். ஒரு முழம் கூடினாலும் திமிர், குறைந்தாலும் ஆபாசம்.

எங்கள் தாத்தா பண்ணையில் படியாள். அவருடைய துண்டு ஒரு நாளைக்கு எத்தனை இடம் மாறும் என்று சின்ன வயசில் நான் எண்ணியிருக்கிறேன். சேரிக்குள் இருக்கும்போது தோளில். பனைமரத்து வளைவு தாண்டியதும் இடுப்பில். பண்ணை வீட்டு வாசலில் கக்கத்தில். திரும்பி வரும்போது அதே வரிசையில் மறுபடி மேலே ஏறும். செருப்பும் அப்படித்தான், ஊர் எல்லை வந்தால் கைக்குப் போய்விடும். "ஏன் தாத்தா, முள்ளு குத்தாதா?" என்றால், "குத்துனா புடுங்கிக்கலாம்டா" என்பார். முதுகில் விழுந்த அடியைப் பிடுங்க முடியாது என்பதை அவர் சொல்லவில்லை. ஆயாதான் பிறகு சொன்னாள்.

துண்டு தோளில் இருந்தபோது தாத்தாவின் குணம் என்ன, கக்கத்துக்குப் போனபோது என்ன குணம்? பண்ணைக்காரர் எங்கள் தாத்தாவை 'ரொம்ப மரியாதப்பட்ட ஆளு' என்று புகழ்வாராம். இன்றைக்கும் அதே சான்றிதழைத்தான் நம் பையன்களிடம் கேட்கிறார்கள்.

எங்கள் ஊர் மலையில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு என்று மாணவர்கள் வந்து குறிப்பெடுப்பார்கள். வாசலில் நிற்கிற துவாரபாலகர்களுக்கு இடுப்புக்கு மேலே துணி கிடையாது, நகைதான். செஞ்சிப் பக்கத்துத் திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தத் துணியும் இல்லை. திகம்பரம், துறவு, உயர்ந்த நிலை. சரி, நாம் மறுக்கவில்லை, சமணத்தின் மேல் நமக்கு மரியாதை உண்டு. கோயில் குருக்கள் சட்டை போடாமல் நின்றால் ஆசாரம். காந்தி 1921 செப்டம்பர் 22ஆம் தேதி மதுரையில் மேல்துணியைக் கழற்றி அரைத்துணிக்கு மாறினார், அது தியாகம். ஏர் ஓட்டிவிட்டு வந்த எங்கள் தாத்தா கோவணத்தோடு நின்றால் மட்டும் 'காட்டுப் பயலுவ, மானம் ரோசம் இல்ல'. கழற்றுவதற்கும்கூட முதலில் போடுகிற உரிமை இருக்க வேண்டும் தோழர்களே. போட விடாத துணியை எவன் கழற்றித் தியாகி ஆவது?

மனு பத்தாம் அத்தியாயத்திலேயே ஏற்பாடு செய்துவிட்டுப் போனான். சண்டாளனுக்குப் பிணத்தின் துணிதான் உடை, உடைந்த சட்டியில்தான் சோறு, இரும்புதான் நகை. அது ஏட்டுச் சுரைக்காய், நடைமுறையில் இல்லை என்று சில பேராசிரியர்கள் சொல்வார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் நடந்ததற்கு அவர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது. அங்கே கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். நம் சமாதானத் தாளை வாசித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. தங்கமும் வெள்ளியும் போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்சட்டி தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலே மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. வெயிலானாலும் மழையானாலும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. குதிர்கள் அழிந்தன. ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார்.

இது வெறும் துணி விவகாரம் என்று நினைப்பவர்கள் ஆறு மாதம் கழித்து வந்த பட்டியலையும் பார்க்க வேண்டும். 1931 ஜூனில் எட்டு பதினொன்று ஆயிற்று. முழங்காலுக்குக் கீழே துணி கூடாது என்பது முதலில் வருகிறது. பின்னாலேயே பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதார் மாட்டை மேய்க்க வேண்டும். குத்தகைக்கோ வாரத்துக்கோ நிலம் எடுத்துப் பயிர் வைக்கக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், விற்காவிட்டால் தண்ணீர் கிடையாது. காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை கூலி வேலை. ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. கல்யாணத்தில் மேளம் கூடாது, தாலி கட்டுவதற்கு முன்னால் குதிரை ஊர்வலம் கூடாது.

பாருங்கள், ரவிக்கையில் தொடங்கி நிலத்தில் வந்து முடிகிறது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கினால் அவன் நாளைக்குப் பத்திரம் கேட்பான், பள்ளிக்கூடம் கேட்பான் என்று அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் சில சமயம் தெரிவதில்லை.

தெற்கே திருவிதாங்கூரில் நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதை, விரிக்கவில்லை. நாடார் பெண்கள் தோள்சீலை போட்டதற்காகச் சந்தையிலும் வீதியிலும் அதைக் கிழித்தார்கள். கடைசியில் 1859 ஜூலை 26ஆம் தேதி அரசர் பிரகடனம் வந்தது. அதிலும் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது என்றார்கள். பிரச்சினை மார்பு அல்ல, 'மாதிரி'தான். அதே மண்ணில் அய்யா வைகுண்டர் தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடு என்று தம் மக்களுக்குச் சொன்னார். இன்றைக்கும் சாமித்தோப்பில் ஆண்கள் தலைப்பாகையோடுதான் வழிபடுகிறார்கள். துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டு என்று ஊர் சொல்ல, ஒருத்தர் அதை எடுத்துத் தலையில் கட்டு என்று சொல்லிச் சாமி முன்னாலேயே நிறுத்தினார் பாருங்கள். (அந்த மக்களில் சிலர் பிற்காலத்தில் நம்மிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது தனிக்கதை, இன்னொரு இதழில் பேசுவோம்.)

இனி ஜீன்ஸுக்கு வருகிறேன். 2012 நவம்பர் 7ஆம் தேதி தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளைக் கொளுத்தினார்கள். ஒரு கல்யாணத்தைக் காரணம் காட்டி 250 வீடுகளுக்கு மேல் சூறை. அடுத்த மாதமே பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசினார்: தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-சர்ட், கூலிங் கிளாஸ் போட்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள். அதற்கு 'நாடகக் காதல்' என்று பேர் வைத்தார்கள். வீட்டை எரித்தவன் என்ன உடுத்தியிருந்தான் என்று எவனும் கேட்கவில்லை. எரிந்த வீட்டுப் பிள்ளை என்ன உடுத்தியிருந்தான் என்பதுதான் வழக்கு.

நான் அப்போது எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஜீன்ஸ். அம்மா நூறுநாள் வேலைக் கூலியில் கொடுத்த காசு, சண்டே மார்க்கெட்டில் பேரம் பேசி இருநூற்றைம்பது ரூபாய். துவைத்தால் காய இரண்டு நாள் ஆகும், அதனால் மாதம் ஒருமுறைதான் துவைப்பேன், உண்மையைச் சொன்னால் என்ன. விடுமுறைக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருத்தர், சின்ன வயசிலிருந்து என்னைத் தெரிந்தவர், கேட்டார்: "இன்னாடா, நாடகத்துக்கு வேசம் கட்டிக்கினு வந்துட்டியா?" எல்லாரும் சிரித்தார்கள். என் பையில் தொல்காப்பியம் பொருளதிகாரம் இருந்தது. மெய்ப்பாட்டியல் பாடத்தைப் படித்தவனுக்கு அந்தச் சிரிப்பு நகை இல்லை என்று தெரியும், எள்ளலிலும் சேராது. அது எச்சரிக்கை.

வீட்டுக்கு வந்தால் நைனா சொல்கிறார், "கொஞ்ச நாளைக்கி வேட்டி கட்டிக்கினு போடா." நான்கு மாதம் அந்தப் பேன்ட்டை ஊரில் போடவில்லை. பயந்துதான். அதை எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் நம் இடதுசாரி நண்பர்கள் சிலர் குறுக்கே வருவார்கள். "ஜீன்ஸ் என்பது பன்னாட்டுக் கம்பெனியின் நுகர்வுப் பண்பாடு தோழர். தலித் விடுதலை ஒரு கால்சட்டையில் இருக்கிறதா?" சொல்கிறவர் கதர் ஜிப்பா போட்டிருப்பார், ஜோல்னாப் பையோடு. அவருக்கு அது பொருந்தும். கசங்கிய ஜிப்பாவில் வந்தால் அவரை அறிவுஜீவி என்பார்கள். கசங்கிய சட்டையில் நான் போனால் "மனு எழுதணுமா? அந்தப் பக்கம் நில்லு." எளிமை என்பது வசதி உள்ளவன் சாதிக்குக் கிடைக்கிற அலங்காரம். பிறகு இன்னொன்று, ஜீன்ஸ் எங்கிருந்து வந்தது? 1873இல் அமெரிக்காவில் லெவி ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் சுரங்கத் தொழிலாளியும் கூலிக்காரனும் போடுவதற்காக, பாக்கெட் கிழியாமல் செம்பு ஆணி அடித்து உரிமை வாங்கிய கால்சட்டை அது. உழைக்கிறவன் துணி. பாட்டாளி வர்க்கத்துக்காகப் பேசுகிற தோழர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பது வேடிக்கைதான்.

அமெரிக்கா என்றதும் 1943 ஜூன் மாதத்து லாஸ் ஏஞ்சல்ஸ் ஞாபகம் வருகிறது. மெக்சிக வம்சாவளி இளைஞர்கள் அப்போது நீளமான, தொளதொளவென்ற ஒரு வகை கோட்டுசூட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். கடற்படைக்காரர்களும் சிப்பாய்களும் கூட்டமாக வந்து தெருவில் அவர்களை அடித்து அந்தத் துணியை உருவினார்கள். கறுப்பர்களும் தப்பவில்லை. போலீஸ் பெரும்பாலும் அடிபட்டவர்களையே பிடித்துக்கொண்டு போனது. நகரசபையோ அந்த உடையைத் தடை செய்யத் தீர்மானம் போட்டது. நம்மூர் அமைதிப் பேச்சுவார்த்தையின் இங்கிலீஷ் பதிப்பு.

சேரிக்குச் சேரி அண்ணல் நீலக் கோட்டுசூட்டில் நிற்பதைப் பார்த்துச் சிலருக்கு இன்னும் எரிச்சல். 'ஏழை மக்கள் தலைவருக்கு இந்த வெயிலில் கோட்டு எதற்கு' என்று நவீன இலக்கியக்காரர் ஒருவர் என்னிடமே கேட்டார். அவர் கோட்டு என்ன பேசியது என்று தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். 1927 டிசம்பரில் மகாடில், மனுவைக் கொளுத்திய அந்த மாநாட்டில், அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசினார். தீண்டத்தகாதவள் என்று தூரத்திலேயே காட்டிக் கொடுக்கிற கட்டில் சேலை கட்டாதீர்கள், உயர்சாதிப் பெண்கள் கட்டுவதுபோல் கணுக்கால்வரை கட்டுங்கள், அடையாளம் சொல்லும் அந்தக் கனத்த காப்பையும் கழுத்தணியையும் கழற்றுங்கள் என்றார். ஊர் திரும்புவதற்கு முன்பே அந்தப் பெண்கள் கட்டை மாற்றிக் கட்டினார்கள். இதை 'மேல்நிலையாக்கம்', போலச் செய்தல் என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சங்கிலியில் கோத்த பெயர்ப்பலகையைக் கழற்றி எறிவதற்குப் பேர் போலச் செய்தலா?

ஆனால் நல்லா உடுத்தினால் மரியாதை வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வராது. 'கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று நமக்குத்தான் புத்தி சொன்னார்கள். குளிக்கவும் கசக்கவும் கிணற்றுக்கு விட்டார்களா? சரி, இப்போது குழாய் வந்துவிட்டது, சோப்பு வந்துவிட்டது, இஸ்திரிப் பெட்டியும் வந்துவிட்டது. நான் விழுப்புரத்தில் வாடகைக்கு வீடு தேடினேன். முழுக்கைச் சட்டை, ஷூ, பாக்கெட்டில் பேனா. வீட்டுக்கார அம்மா காபி கொடுத்தார். "பாத்தாலே தெரியுது, நல்ல குடும்பத்துப் புள்ள" என்றார். பிறகு "நீங்க எந்த ஆளுங்க தம்பி?" சொன்னேன். காபி டம்ளரை நானே கழுவி வைக்கும்படி ஆயிற்று. வீட்டுக்கு ஏற்கெனவே ஆள் சொல்லியிருந்தது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. படிக்கும்போது ஒரு பேராசிரியர் அன்பாகவே சொல்வார்: "உன்னப் பாத்தா எஸ்.சி. மாதிரியே இல்லப்பா." பாராட்டாம். 'மாதிரி' இல்லாவிட்டால் பாராட்டு. 'மாதிரி' இருந்தால்?

2023 மே மாதக் கடைசியில் குஜராத் பனாஸ்காண்டா மாவட்டத்து மோட்டா கிராமத்தில், நல்ல துணி உடுத்திக் கூலிங் கிளாஸ் போட்டிருந்ததற்காக ஒரு தலித் இளைஞரை அடித்தார்கள் என்று செய்தி வந்தது. தருமபுரிக்கும் பனாஸ்காண்டாவுக்கும் மொழி வேறு, துணி ஒன்று, அடி ஒன்று. அதே ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் நன்றாகப் படித்த மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து வெட்டியது கூடப் படித்த பிள்ளைகள். அவர்கள் எல்லாருக்கும் அரசாங்கம் ஒரே சீருடைதான் கொடுத்தது. சீருடைக்கு மேலே மணிக்கட்டில் சாதிக்கயிறு. அந்தக் கயிற்றைத் தடை செய்யச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது, அதற்கு எத்தனை எதிர்ப்புக் கூப்பாடு என்று பார்த்தோம். கயிறு பண்பாடாம், கண்ணாடி பொறுக்கித்தனமாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு நம் வீட்டுக்குள் பார்க்காமல் போனால் அது பொய். நம் துணியை ஊர் வண்ணான் தொட மாட்டான். அதற்கென்று புதிரை வண்ணார்களை வைத்திருந்தோம். நம் தீட்டுத்துணியையும் பிணத்துணியையும் வெளுத்த அந்தச் சனத்தை நாம் என்ன உடுத்த விட்டோம்? 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது நம்மில் பலருக்குக் கோபம் வந்தது, தலித்துகளைக் காட்டிக் கொடுக்கிறார் என்று. அந்தச் சண்டையை அறிந்தவர்கள் இந்த இதழின் வாசகர்களில் நிறைய. அதற்குள் நான் போகவில்லை. நாம் போட்டுக் கிழித்த பழசுதான் அவர்களுக்குப் புதுசாக இருந்தது என்பதை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

அப்புறம் நம் தங்கைகள். ஊர்த்தெருவில் கூலிங் கிளாஸ் உரிமைக்குப் போராடுகிற அதே தம்பி, காலனிக்குள் லெக்கின்ஸ் போட்ட பெண்ணைப் பார்த்து "இன்னா ட்ரெஸ் இது, அடக்கமா போவத் தெரியாதா" என்கிறான். அந்த அதிகாரி சொன்னதும் இதுவும் வேறா? எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "அது வேற அண்ணா, இது நம்ம பொண்ணுங்க" என்றான் ஒருத்தன். 'நம்ம' என்ற அந்தச் சொல்லைத்தான் ஊர்க்காரனும் தன் பெண்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வீடு கொளுத்த வருகிறான்.

தாளுக்கு வருகிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தினார்கள், 2016 ஜனவரி 26இலிருந்து அது அமலில் இருக்கிறது. பொது இடத்தில் செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதை, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுப்பது குற்றம் என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. துணியைப் பற்றிச் சட்டம் போட வேண்டிய நாடு இது. அந்தச் சட்டம் இருக்கிற மேசையில்தான் கூலிங் கிளாஸ் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். ஆனால் சேரிப் பெரியவர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டார். எனக்குப் பெரிப்பா முறை.

வெளியே வந்து சண்டை போட்டேன். "இன்னா பெரிப்பா, எங்க கண்ணாடிய நீங்க எப்பிடி எழுதிக் குடுக்கலாம்?"

அவர் பீடியைப் பற்றவைத்தார். "நீ பஸ்ஸேறி பூடுவ தம்பி. நாளைக்கி மல்லாட்ட புடுங்க நாங்க யார் கொல்லைக்கிப் போறது?"

1931 பட்டியலில் துணிக்குப் பக்கத்தில் ஏன் நிலம் இருந்தது என்பதை எனக்குப் பட்டியலைவிடத் தெளிவாக அவர்தான் சொன்னார். அவரைத் துரோகி என்று பையன்கள் வாட்ஸப்பில் எழுதியதை நான் ஒப்பவில்லை. கையெழுத்தையும் ஒப்பவில்லை.

அந்தத் தாளின் நகலைக் கேட்டோம். தரவில்லை. "அதெல்லாம் வாய்மொழிதான்ப்பா" என்று இப்போது சொல்கிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதியிருக்கிறோம், முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பதினோரு பேர் கையெழுத்து, அதில் நான்கு பேர் பெண்கள். பெரிப்பாவிடமும் கொண்டுபோனோம். வாங்கி முழுக்கப் படித்தார். மல்லாட்டை அறுப்பு முடியட்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.